ஸ்வரப் புத்தகம் வந்த வழி

கொழும்புப் புறக்கோட்டையில், செட்டியார் தெருப் பக்கம் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளில் சங்கீதப் புத்தகம் கேட்டுப் பாருங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குத் தயாராகும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பக்கங்கள்தான். ஸ ரி க ம எழுத்துகள். மேல் ஸ்தாயிக்குத் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு புள்ளி. ஆவர்த்தனம் முடிந்தால் இரட்டைக் கோடு. கிருதியை இயற்றிய தியாகராஜர் 1847இல் சமாதியடைந்தவர். பாட்டு ஊருக்கே சொந்தம். அதைச் சுமக்கும் பக்கத்துக்கோ தனி உரிமையாளர் இருக்கக்கூடும்.

இந்த இரட்டைக் கணக்கு தொடங்கிய இடம் வெனிஸ். 1498இல் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்ற அச்சுக்காரர், இசைக்குறிப்பை அச்சடிக்கத் தனக்கு மட்டுமே 20 ஆண்டு உரிமை வேண்டுமென்று அரசிடம் கேட்டுப் பெற்றார். முதல் நூல் 1501இல் வந்தது. பாட்டைக் கட்டியவர்களுக்கு அந்த உரிமையில் பங்கில்லை! அவர்கள் முறை வர இன்னும் பல தலைமுறை ஆயிற்று. லண்டனில் லாங்மன் பதிப்பகம் தம் படைப்பைக் கேளாமலே அச்சிட்டதென்று ஜெர்மன் இசைமேதை பாக்கின் மகன் யோகான் கிறிஸ்தியான் பாக் வழக்காடினார். இசையும் எழுத்துதான், 1710ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 1777இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். அப்போது தியாகராஜருக்குப் பத்து வயது.

நம் பக்கத்தில் பிரதி எடுப்பது குருபக்தி. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்ற தியாகராஜரின் சீடர்கள் எழுதி வைத்ததால்தான் எத்தனையோ கிருதிகள் பிழைத்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையில் தச்சூர் சிங்காராசார்யுலு சகோதரர்கள் தெலுங்கில் ஸ்வர நூல்களை அச்சிட்டார்கள். பிறகு வந்தார் ஏ.எம்.சின்னசாமி முதலியார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் வேலை பார்த்த தமிழ்க் கிறிஸ்தவர். வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடம் தியாகராஜ கிருதிகளைக் கேட்டு எழுதி, ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் 1893இல் வெளியிட்டார். பெத்ரூச்சி அச்சேற்றிய கோடுகளில் திருவையாற்றுக் கீர்த்தனை ஏறி உட்கார்ந்தது.

முதலியாரின் அடுத்த ஆசை முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள். அவை தீட்சிதரின் தம்பி பாலுசாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதரிடம் இருந்தன. குடும்பச் சொத்தை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு இலேசில் மனம் வரவில்லை. எட்டயபுரம் மன்னரின் ஆதரவு சேர்ந்த பிறகு, 1904இல் அந்த ஊர் வித்யாவிலாசினி அச்சகத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் உருவானது. சுமார் 1700 பக்கம். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229. அதன் ஒரு வரியை உற்றுப் பாருங்கள்: கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கு ஒரு பக்கம் சாய்ந்த கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. குரல் எங்கே அசைய வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்பதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு முதியவர் பட்ட பாடு அது. தமிழில் இதை ஒருவர் மட்டும் செய்திருந்தால்கூட நான் வணங்குவேன். பின்னால் பலர் செய்தார்கள்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தார். ஆகவே அந்தத் தெலுங்கு மூலம் இன்று யாரும் அச்சிடக்கூடியது. சென்னை மியூசிக் அகாடமி 1961இலிருந்து பல பாகங்களாகக் கொண்டுவந்த தமிழ்ப் பதிப்பு வேறு ஆக்கம், அதற்கு வேறு கணக்கு. ‘கிருதி மணிமாலை’ தந்த ரா.ரங்கராமானுஜ ஐயங்கார் 1980இல் காலமானவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு. அவர் எழுதிய ஸ்வரக் குறிப்புகளுக்கு 2040 முடியும்வரை காவல் உண்டு. இது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒரே கிருதிக்கு நாலு பாடாந்தரம் இருக்கும்போது, காதால் கேட்டு, ஒன்றைத் தேர்ந்து, சங்கதி சங்கதியாக எழுதுவது வெறும் நகலெடுப்பு அல்லவே. லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005இல் இதையே சொன்னது: பிரெஞ்சு அரசவை இசைஞர் லலாந்தின் பழைய இசையைப் பதிப்பித்த லயனல் சாக்கின்ஸுக்கு அந்தப் பதிப்பில் உரிமை உண்டு என்று.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆயுளோடு 70 ஆண்டு தருகிறது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தரும் அதே சட்டம், ஸ்வரக் குறிப்பாக உள்ள இசையை முழுதாகப் போட்டோகொப்பி எடுக்க அந்தச் சலுகையை நீட்டவில்லை. வகுப்புக்கு வகுப்பு கைமாறும் போட்டோகொப்பிக் கட்டுகளைப் பார்க்கும்போது இந்த வரி பலருக்கும் எட்டவில்லை என்றே தோன்றுகிறது.

நம்மவர் ஒருவரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டி.எம்.சௌந்தரராஜன் குரலில் தமிழ்நாடெங்கும் பரவிய ‘கற்பகவல்லி’ மயிலாப்பூர் அம்மன்மேல் பாடப்பட்டது. எழுதியவர் யாழ்ப்பாணத்து இணுவில் வீரமணி ஐயர். ‘மரபுப் பாட்டு’ என்று நினைத்துப் பெயர்கூடப் போடாமல் பாடுவோர் உண்டு. அவர் 2003இல் மறைந்தவர். இலங்கையில் அந்தப் பாட்டை ஸ்வரப்படுத்தி அச்சிட விரும்பும் எவரும் 2073 முடியும்வரை உரியவர்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும்.