கணக்கில் இருந்தது, பேச்சில் இல்லாதது: அமெரிக்க அதிபர் தேர்தலும் வடக்கு–தெற்குப் பிளவும் (1787–1848)

1821 பிப்ரவரி 14 அன்று அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணின. மிசௌரியின் 3 வாக்குகள் செல்லுமா என்பதில் சச்சரவு எழுந்தது. சுதந்திரமான கறுப்பர்களை உள்ளே விடுவதில்லை என்று தன் அரசியலமைப்பில் எழுதிக்கொண்ட அப்பகுதியை மாநிலமாக ஏற்கலாமா என்ற வழக்கு அப்போது தீர்ந்திருக்கவில்லை. எனவே முடிவை இரண்டு விதமாகவும் அறிவித்தார்கள். மிசௌரியைச் சேர்த்தால் ஜேம்ஸ் மன்றோவுக்கு 231, விட்டுவிட்டால் 228. எப்படியானாலும் அவரே அதிபர். அவருக்கு எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ‘நல்லெண்ணக் காலம்’ என்று பாடநூல்கள் புகழும் ஆட்சி இது. அடிமைமுறையை முன்வைத்து வடக்கும் தெற்கும் அணிவகுத்து நின்ற முதல் பெரும் நெருக்கடியும் இதே ஆண்டுகளுக்கு உரியது.

இந்த ஒருமனமும் அந்தப் பிளவும் ஒரே காலத்தில் நேர்ந்தது தற்செயல் அன்று. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை தன் கணக்கிலேயே பிளவைச் சுமந்திருந்தது. அந்தக் கணக்கில் வெல்ல நினைத்தவர்களோ அதைப் பேச்சில் வரவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசியக் கட்சிகளை இந்த நெருக்கடியிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது.

கணக்கு 1787இல் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று ஜேம்ஸ் மேடிசன் ஜூலை 19 அன்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு தடையையும் சொன்னார். வாக்குரிமை வடக்கில் பரந்திருந்தது. தெற்கிலோ மக்கள்தொகையில் பெரும் பகுதி அடிமைகள். நேரடித் தேர்தலில் அவர்களால் தெற்குக்குப் பயன் இராது. தேர்வாளர் குழு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை அதன் செனட் உறுப்பினர், பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஆகியோரின் கூட்டுத்தொகை. பிரதிநிதிகள் அவை இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். வாக்குச்சீட்டைத் தொட முடியாதவர்கள் எசமானர்களின் வாக்குக்கு எடை கூட்டினார்கள்.

1800 தேர்தலில் அந்த எடை கண்ணுக்குத் தெரிந்தது. தாமஸ் ஜெஃபர்சன், ஆரன் பர் இருவருக்கும் 73. ஜான் ஆடம்ஸுக்கு 65. அடிமைகளை எண்ணாமல் விட்டிருந்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்ற வாதத்தை வரலாற்றாசிரியர் கேரி வில்ஸ் 2003இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் இதை மட்டும் காரணமாக்குவது அரசியலைச் சுருக்கிவிடும். நியூயார்க்கின் 12 வாக்குகள் ஜெஃபர்சன் பக்கம் திரும்பியது அம்மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் பர் காட்டிய சாமர்த்தியத்தால். பென்சில்வேனியாவில் மேலவையைக் கையில் வைத்திருந்த ஆடம்ஸின் கூட்டரசுக் கட்சியினர் முட்டுக்கட்டை போட்டு, 15 வாக்குகளில் 7ஐ ஆடம்ஸுக்குப் பெற்றுத் தந்தார்கள். ஆக, ஐந்தில் மூன்று விதி இல்லாமல் ஜெஃபர்சன் வென்றிருக்க முடியாது. அது மட்டுமே அவரை வெல்லவைக்கவும் இல்லை.

தோற்றவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1789 முதல் 1825 வரையான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியர்களே அதிபர்கள். 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடிய நியூ இங்கிலாந்துக் கூட்டரசுக் கட்சியினர் கோரிய திருத்தங்களில் முதலாவது, இடப் பங்கீட்டில் அடிமைகளை எண்ணக் கூடாது என்பது. ஒருவர் இருமுறை அதிபராகக் கூடாது, அடுத்தடுத்து ஒரே மாநிலத்தவர் அதிபராகக் கூடாது என்றும் கேட்டார்கள். துரோகிகளின் கூட்டம் என்ற பழி அவர்கள்மேல் நின்றுவிட்டதால் கோரிக்கையைப் படித்துப் பார்ப்பவர் குறைவு.

மிசௌரி விவகாரம் 1819இல் வெடித்தபோது தெற்கத்தியரின் அச்சம் இரட்டிப்பாக இருந்தது. அங்கே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் ஜேம்ஸ் டால்மாட்ஜ். செனட்டில் அதற்காக வாதாடிய ரூஃபஸ் கிங், 1816இல் மன்றோவை எதிர்த்து நின்ற வேட்பாளர். அறக் கோரிக்கைக்குப் பின்னால் வடக்கத்திய அதிபர் ஒருவருக்கான திட்டம் ஒளிந்திருப்பதாகத் தெற்கில் பலர் நம்பினார்கள். மிசௌரியை அடிமை மாநிலமாக ஏற்கும் சமரசத்துக்கு மன்றோ இசைவார் என்ற செய்தி வர்ஜீனியாவின் ரிச்மண்டை எட்டியதும் அவருடைய சொந்தக் கட்சியினரே கொதித்தார்கள். 1820இல் பிரதிநிதிகள் அவை 90–87 என்ற கணக்கில் அடிமைத் தடையைக் கைவிட்டது. சுதந்திர மாநிலத்தவர் 14 பேர் தெற்கோடு சேர்ந்து வாக்களித்தார்கள். மன்றோவின் ஏறக்குறைய ஏகமனத் தேர்வு அதே ஆண்டில் நடந்தது. எதிர்க்கட்சி செத்திருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. நாடு ஒன்றுபட்டிருந்தது என்பதை அன்று.

எதிர்க்கட்சி இல்லாத அரசியலின் ஆபத்தை முதலில் உணர்ந்தவர் நியூயார்க் செனட்டர் மார்ட்டின் வான் பியூரன். 1824இல் நான்கு வேட்பாளர்கள் மோதி, முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போனதைப் பார்த்திருந்தார். 1827 ஜனவரி 13 அன்று ரிச்மண்ட் பத்திரிகையாசிரியர் தாமஸ் ரிச்சிக்கு அவர் எழுதிய கடிதத்தைப் போல் ஒளிவுமறைவற்ற அரசியல் ஆவணம் அரிது. தெற்கின் தோட்ட உடைமையாளர்களும் வடக்கின் சாதாரணக் குடியரசினரும் மீண்டும் கைகோர்க்க வேண்டும், கட்சிப் பற்று வற்றினால் அதன் இடத்தில் சுதந்திர மாநிலம், அடிமை மாநிலம் என்ற பகையே வளரும் என்பது அதன் சாரம். இந்தக் கூட்டணியின் வேட்பாளராக 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சன் 178–83 என்று வென்றார். அடிமைமுறையைத் தேசிய அரசியலுக்கு வெளியே வைக்கும் ஏற்பாடாகவே இதிலிருந்து உருவான ஜனநாயகக் கட்சியை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பிரவுன் 1966இல் வாசித்தார்.

அவரை மறுப்போர் தென் கரோலினாவைச் சுட்டுவார்கள். சுங்கவரிச் சட்டத்தைச் செல்லாதென்று 1832இல் அம்மாநிலம் அறிவித்தபோது ஜாக்சன் படைபலத்தைக் காட்டி மிரட்டினாரே, அவர் எப்படித் தெற்கின் கருவி? கேள்வி நியாயமானது. பிரவுனின் வாசிப்பு வங்கி, வரி, நிலம் பற்றிய சண்டைகளின் சொந்த வலுவைக் குறைத்துக் காட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் ஜாக்சன் பொறுக்காதது ஒன்றியத்தை உடைக்கும் தெற்கை. அடிமைமுறையைக் காக்கும் தெற்கோடு அவருக்குப் பிணக்கு இல்லை. அடிமைமுறை எதிர்ப்பு இதழ்களைத் தெற்கில் அஞ்சலில் அனுப்புவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1835 டிசம்பரில் காங்கிரஸிடம் கேட்டவரும் அவர்தான். அடுத்த மே மாதத்தில் பிரதிநிதிகள் அவை, அடிமைமுறை பற்றிய மனுக்களை விவாதமின்றி ஒதுக்கிவைக்கும் விதியை ஏற்றது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை நீக்கவைக்க 1844 வரை போராட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டில்தான் ஏற்பாடு அதைக் கட்டியவர்மேலேயே விழுந்தது. மீண்டும் அதிபர் வேட்பாளராக முயன்ற வான் பியூரன், அடிமைமுறை நிலவிய டெக்சாஸை உடனே இணைப்பதற்கு எதிராக எழுதினார். பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அவர் பக்கம் நின்றும் மூன்றில் இரண்டு பங்கு விதியால் வாய்ப்பு ஜேம்ஸ் போல்க்குக்குப் போனது. அவ்விதி, அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கிய 1832 மாநாட்டில் பிறந்தது. 1848இல் அவர் புதிய பகுதிகளில் அடிமைமுறை பரவுவதை எதிர்த்த சுதந்திர மண் கட்சியின் சார்பில் போட்டியிட்டார். துணை அதிபர் வேட்பாளர் ஜான் குவின்சி ஆடம்ஸின் மகன். நாடெங்கும் பத்தில் ஒரு பங்கு வாக்கு விழுந்தும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் அவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளரை மூன்றாம் இடத்துக்குத் தள்ள, அம்மாநிலத்தின் 36 வாக்குகளும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட உடைமையாளர் சக்கரி டெய்லருக்குப் போய்ச் சேர்ந்தன.