எண்ணாகி மீண்ட ஒலி

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ களப்பிரர் காலத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருக்கக் கூடும். அவற்றை எழுதவல்ல புலவர் பெருமக்கள் நம் சங்கத்தில் உளர். மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டு, சரக்கு அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் எழுதிக் காலங்கழிக்கும் எமக்கு, இவ்வாண்டு முழுவதும் கையும் கருத்துமாய் இருந்த பொருள் வேறொன்று. அது, எண்களாய் எழுதி வைக்கப்பட்ட ஒலியை மீண்டும் ஒலியாக்கும் ஒரு சிறு பெட்டி. ஆங்கில எழுத்துக்களால் அதனை டி.ஏ.சி. என்பர். அதன் வரலாற்றை எழுதுவதும் வரலாறே என்று துணிந்தோம்.

காரணம் இது. 1980களில் நம் சங்க மேடையில் நிகழ்ந்த பேச்சும் பாட்டும் ஒலிநாடாக்களில் பதிவாகியிருந்தன. நாடாக்கள் பூஞ்சணம் பூத்து அழியுமுன் அன்பர் ஒருவர் அவற்றைப் பதினான்கு குறுந்தகடுகளில் ஏற்றித் தந்தார். நாடாக்கள் பின்னர் அழிந்தே போயின. ஆகவே அத்தகடுகளையன்றி வேறு படி இல்லை. சங்கத்துக் குறுந்தகட்டுக் கருவியோ, தட்டு நன்கு சுழன்றும் ஒலி தர மறுத்தது. பழுது பார்ப்போர் இருவர் அதனைக் கைவிட்டனர். ஆயின் அதன் பின்புறத்தே எண்களை அவ்வாறே வெளியே அனுப்பும் துளை ஒன்று இருந்தது, அது பழுதுபடவில்லை. புதுக் கருவி வாங்கலாமே என்றார் பொருளாளர். வாங்கியிருக்கலாம்தான். செய்து பார்க்கும் ஆசை எம்மையும், சிக்னல் துறையில் பணியாற்றும் நண்பரையும் பற்றிக்கொண்டது.

ஒலி எண்ணாவது எங்ஙனம்? நம் குடியிருப்பினர் அறிந்த கங்சாவதிப் பாலத்தை நினைவு கொள்க. மழைக்காலத்தில் பாலக் காவலர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தூணில் தீட்டிய கோடுகளைப் பார்த்து நீர்மட்டத்தை ஏட்டில் எழுதுகின்றார். ஆறு இடையறாது ஏறி இறங்குகின்றது. ஏட்டில் இருப்பவையோ சில எண்கள். எனினும் அவ்வெண்களைப் புள்ளிகளாக்கி இணைப்பின் வெள்ளத்தின் வடிவம் தாளில் தோன்றுகின்றதன்றோ? பார்க்கும் கால இடைவெளி குறுகக் குறுகவும், தூணின் கோடுகள் நெருங்க நெருங்கவும், வடிவம் உண்மையை அணுகும். ஒலியும் காற்றில் எழும் அலையே.

எத்துணை விரைவாய்ப் பார்த்து எழுதினால் போதும் என்பதற்கு வழிகாட்டியவர், சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட். தந்தி முறையைப் பற்றி 1928இல் அவர் எழுதிய ஆய்வுரையே இதற்கு அடிப்படை. அலையின் மிகுதியான துடிப்பு எவ்வளவோ, அதன் இருமடங்குக்கு மேலான முறை அளந்தால் ஒன்றும் இழக்கப்படுவதில்லை என்னும் உண்மையைக் கிளாட் ஷானன் பின்னர்த் தெளிவுற நிறுவினார்.

ஒலியை எண்ணாக்கி அனுப்பலாம் என்று 1937இல் கண்டவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர். பாரிசில் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் அப்போது அவர் பணியாற்றினார். நெடுந்தொலைவு செல்லும் பேச்சு, வழியிடை ஒவ்வொரு பெருக்கியிலும் இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே செல்வதை அவர் கண்டார். அலையை அனுப்பாது எண்ணை மட்டும் அனுப்பினால், துடிப்பு உண்டா இல்லையா என்பதே வினா. இடையில் எத்துணை இரைச்சல் சேரினும் அதனை உதறிவிட்டு எண்ணைப் புதிதாய் எழுதி மேலே அனுப்பலாம். கசங்கிய வழிச்சீட்டைப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதும் எழுத்தருக்கு இது நன்கு விளங்கும். ஆயின் அந்நாளில் இதற்கு வேண்டிய வால்வுகளின் செலவு தாளாதாயிற்று. அவருடைய உரிமைக் காலம் முடிந்த பின்னரே உலகம் அம்முறையைக் கைக்கொண்டது. அவருக்கு அதனால் செல்வம் வரவில்லை. 1969இல் பிரிட்டன் இம்முறையைப் பாராட்டி அஞ்சல்தலை ஒன்று வெளியிட்டது. 1971இல் அவர் மறைந்தார்.

செலவைப் பொருட்படுத்தாதது போர் ஒன்றே. 1943இல் இலண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே மறைபேச்சுக்கென அமைந்த சிக்சாலி என்னும் பொறி, பேச்சை எண்ணாக்கி மறைத்து அனுப்பிற்று. அதன் எடை 50 டன்னுக்கு மேல்! இலண்டனில் அது வைக்கப்பட்ட இடம் செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெருங்கடையின் நிலவறை. டிரான்சிஸ்டர் பிறந்த பின்பே பொறி சிறுத்தது. 1962இல் அமெரிக்கத் தொலைபேசித் துறை, ஒரே கம்பித் தொடரில் 24 உரையாடல்களை எண்களாய் ஓட்டத் தொடங்கியது. ஒவ்வொரு குரலும் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கிய முறை 30 உரையாடல் கொண்டது. 2000ஆம் ஆண்டில் ரெயில்டெல் நிறுவப்பட்டபின் தண்டவாளத்தின் ஓரத்தே ஓடும் கண்ணாடி இழைகளில் செல்வதும் எண்ணே. பேச்சு இங்ஙனம் நம் காலடியிலேயே எண்ணாய் ஓடுகின்றது; யாம்தாம் அறியாதிருந்தோம்.

இசைக்கு இம்முறையை முதலிற் பயன்படுத்தியோர் ஜப்பானியர். அந்நாட்டு வானொலி நிறுவனமாகிய என்.எச்.கே. 1967இல் எண்முறைப் பதிவுக் கருவி செய்தது. டெனான் நிறுவனம் 1972 முதல் அம்முறையில் இசைத்தட்டுக்களுக்குப் பதிவு செய்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் 1979 மார்ச்சில் ஒளிக்கதிரால் படிக்கும் சிறு தட்டை உலகுக்குக் காட்டியது. பின்னர் சோனியும் உடன்சேர, 1982 அக்டோபர் 1ஆம் நாள் ஜப்பானில் குறுந்தகட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது.

நொடிக்கு 44,100 என்னும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்து யாம் வியந்தோம். அந்நாளில் இத்துணை எண்களைத் தாங்கவல்லது தொலைக்காட்சிப் படநாடா ஒன்றே. நொடிக்கு 60 படத்துண்டு, துண்டுக்கு 245 பயன்படு கோடு, கோட்டுக்கு 3 எண். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 துண்டு, 294 கோடு, 3 எண். பெருக்கிப் பார்க்க; அதுவே வரும். மனிதச் செவிக்கு 40,000க்குச் சற்று மேல் போதும். எஞ்சியது படநாடாவின் கணக்கு. ஒவ்வொரு எண்ணும் 16 இருமக் கூறு. இரு பக்கத்துக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 கூறுகள்.

எண்ணை எழுதுவது ஒருபுறம் இருக்க, அதனை மின்னழுத்தமாய் மீட்பதில்தான் இடர் மிகுதி. எளிய வழி ஓர் ஏணி. பதினாறு படி, ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதன் இருமடங்கு மின்னோட்டம் தருவது. எண்ணில் எக்கூறு ஒன்றோ அப்படி திறக்கும். அனைத்தும் கூடி ஒலியாகும். சொல்வது எளிது. மேற்படியின் எடை கடைப்படியைப் போல் 32,768 மடங்கு. கடையில் வாங்கும் மின்தடை நூற்றுக்கு ஒன்று பிழைக்குமாயின், மேற்படியின் பிழை மட்டுமே கடைப்படி 327க்கு மேலாகிக் கீழுள்ள நுண்மை முழுதும் வீணாகும். பிலிப்சைச் சேர்ந்த ரூடி வான் டி பிளாஷே 1976இல் வெளியிட்ட வழி எம் உள்ளத்தைக் கவர்ந்தது. ஏறத்தாழ ஒத்த மின்னோட்டங்களை ஓரிடத்தில் நிறுத்தாது விரைவாய் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொன்றின் குறையும் எல்லாவிடத்தும் சமமாய்ப் பகிர்ந்து மறையும். எம் அலுவலகத்துச் சுழல்முறைப் பணிப்பட்டியல்தான் இது! அம்முறையில் பிலிப்ஸ் செய்த 14 கூறுச் சில்லு, எண்களை நான்கு மடங்கு நெருக்கி வாசித்து 16 கூறு கொண்டதற்கு ஈடாக நின்றது. சோனியின் முதற் கருவியோ இரு பக்கத்துக்கும் ஒரே மாற்றியை மாறிமாறிப் பயன்படுத்தியது. இந்நாளில் கைப்பேசியோடு வரும் ஒரு சாண் கம்பியின் முனையிலும் இம்மாற்றி ஒடுங்கியிருக்கின்றது.

எம் பெட்டிக்குக் கல்கத்தாவின் சாந்தினி சந்தையில் இரு பழஞ்சில்லுகளைத் தேடிப் பெற்றோம். சி.எஸ். 8412 என்பது வரும் தொடரிலிருந்து எண்களையும் காலத்துடிப்பையும் பிரித்தெடுப்பது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாலை 16 மணிக்கு வரும் நேரக்குறிப்பைக் கொண்டு நிலையக் கடிகாரம் திருத்தப்படுவதுபோல, அது தன் கடிகாரத்தை வருந்தொடரோடு ஓயாது ஒத்துப் பார்க்கின்றது. டி.டி.ஏ. 1543 என்பது எட்டே கால்கள் கொண்ட, பிலிப்ஸ் செய்த 16 கூறு மாற்றி. இணைப்புக் கம்பிக்கு 75 ஓம் வேண்டும், கேபிள் டி.வி. கம்பி அதற்கு மிகவும் பொருந்தியது. முதல் நாள் கைப்பேசியின் மின்னேற்றியால் ஓட்டினோம். கீச்சென்ற இரைச்சல் காதைத் துளைத்தது. அதனை நீக்கிப் பழைய மின்மாற்றியும் 7805 சீராக்கியும் வைத்ததும் அடங்கிற்று.

ஒலி வந்தது. எதிர்பார்த்ததினும் உரக்கவே வந்தது, மகிழ்ந்தோம். கடையில் வாங்கிய கச்சேரித் தகடு ஒன்றைப் போட்டபோது, மிருதங்கம் வாசிக்கும் எம் அன்பர், இது வலப்பக்கம் கேட்க வேண்டியது, இடப்பக்கம் கேட்கின்றதே என்றார். பெருக்கியின் பின்னால் கம்பிகளை மாற்றிச் செருகினோம், சரியாயிற்று. அங்கேதான் பிழைத்தோம்.

சங்கத் தகடுகளுள் பத்து நன்றாய் ஒலித்தன. நான்கு மட்டும், குரல் தாழ்ந்திருக்கும்போது தெளிவாயும், உயர்ந்தவுடன் துணி கிழிவதுபோல் சிதறியும் ஒலித்தன. மூலப்பதிவே கெட்டது என்று முடிவு செய்து, உறைமேல் ‘பழுது’ என்று எம் கையாலேயே எழுதினோம். அவற்றுள் ஒன்றில் இருந்தது சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவருடைய சொற்பொழிவு. அவர் மறைந்து ஆண்டுகள் பல. அவருடைய துணைவியார் இன்றும் நம் குடியிருப்பில் மகன் வீட்டில் வாழ்கின்றார். அம்மா, அத்தகடு கெட்டுவிட்டது என்று அவரிடம் சென்று கூறியவரும் யாமே. அதற்கென்ன தம்பி, நாடா பழசுதானே என்றார்.

இரு வாரம் கழிந்தபின் ஓரிரவு நண்பர் எம் வீட்டுக் கதவைத் தட்டினார். உரத்த ஒலி, இடவல மாற்றம், உயர்குரலில் கிழிசல் ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றாய் இருக்கலாகாதோ என்றார். சில்லின் விளக்கத் தாளை விரித்தோம். எண்களைப் பல வரிசையில் தரவல்லது 8412. எவ்வரிசை என்பதை அதன் சில கால்களுக்குத் தரும் அழுத்தம் தீர்மானிக்கும். 1543 எதிர்பார்க்கும் வரிசையில் முதற்கூறு ஒரு துடிப்புப் பிந்தி வர வேண்டும். மற்றொரு வரிசையில் அது உடனே வரும், இடவலக் குறியும் தலைகீழாய் இருக்கும். முதற்கூறே கூட்டல் கழித்தற் குறி. அது தவறினால் அடுத்த கூறு குறியின் இடத்தில் அமர, எண் இருமடங்காகும். 10,000 என்பது 20,000 ஆகும். உரக்கக் கேட்கும், அவ்வளவே. 20,000 என்பதோ 40,000 ஆகாது, கொள்கலம் நிரம்பிக் கவிழ்ந்து கழித்தல் 25,536 ஆகிவிடும். தாழ்குரல் பிழைத்தது, உயர்குரல் கிழிந்தது. உரக்கப் பதிவான நான்கு தகடுகள்தாம் கெட்டனபோல் தோன்றின.

அளவுமானியை எடுத்தோம். 5 வோல்ட் இருக்க வேண்டிய அக்காலில், ஈயப் பொட்டின்மேல் வைத்தால் 5 காட்டிற்று; காலின்மேல் வைத்தால் ஒன்றும் இல்லை. ஈயம் காலைத் தழுவாது அருகே முத்துப்போல் உருண்டு நின்றது. பற்றவைத்தவர் யாம். நண்பர் ஒன்றும் கூறாது சூட்டுக்கோலை எம் கையில் தந்தார். மீண்டும் ஈயம் வைத்து ஓட்டியபோது ஒலி சற்றுத் தாழ்ந்தது. மிருதங்கம் மறுபடி இடப்பக்கம் போயிற்று. பெருக்கிக் கம்பிகளைப் பழையபடி மாற்றினோம்.

மறுநாள் ஞாயிறு. அம்மையாரைச் சங்க மண்டபத்துக்கு அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தி, ‘பழுது’ என்று எழுதிய உறையிலிருந்து தகட்டை எடுத்துப் போட்டோம். நாற்பத்தோரு நிமிடம் ஓடியது. இடையே சொற்பொழிவாளர் நெடுநேரம் இருமினார். அவ்விடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார் அம்மையார், போட்டோம்.