பெங்களூர் வெள்ளி: முத்திரையும் எழுத்தும்

பழைய வெள்ளிப் பாத்திரம் ஒன்று எங்கே, எப்போது உருவானது என்பதை மூன்று தடயங்களைக் கொண்டு அறியலாம்: அடியில் குத்திய முத்திரை, மேலே வெட்டிய எழுத்து, வேலைப்பாடு. இங்கிலாந்துப் பொருளுக்குப் பெரும்பாலும் முத்திரை மட்டுமே போதும். பெங்களூர்ப் பொருளுக்கு மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சி முழுவதிலும் இந்திய வெள்ளிக்கு அரசின் தர முத்திரை இல்லாததே இதற்குக் காரணம்.

இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளிக்குச் சிறுத்தைத் தலை முத்திரையை விதித்தது. 1478-இல் ஆண்டைக் காட்டும் எழுத்து சேர்ந்தது. 1544 முதல் நடக்கும் சிங்கமும் குத்தப்பட்டது. பிற்காலத்தில் அதுவே 92.5 சதவீதத் தூய்மையின் அடையாளமாக நிலைத்தது. 1773 முதல் நங்கூரம் பர்மிங்காமையும் கிரீடம் ஷெஃபீல்டையும் குறித்தன. 1784 முதல் 1890 வரை, வரி செலுத்திய பொருளில் அரசரின் தலையும் பதிந்தது. பெங்களூரின் தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியின் பழைய வீடுகளில் கிடைக்கும் தேநீர்க் கெண்டியில் இக்குறிகள் வரிசையாக இருந்தால், அது கப்பலில் வந்த சரக்கு.

உள்ளூர் வேலையை இனங்காண, ஊரின் இரட்டை வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். கெம்பே கவுடா 1537-இல் அமைத்த பேட்டை ஒன்று. 1809-இல் ஆங்கிலேயர் நிறுவிய தண்டு மற்றொன்று. சிக்பேட்டை, நகரத்பேட்டை, அவென்யூ சாலை வட்டாரத்தில் குத்துவிளக்கும் சொம்பும் பன்னீர்ச் செம்பும் விற்றன. வாங்குபவருக்கு ஆசாரியை நேரிலேயே தெரியும் என்பதால், அவற்றில் செய்தவர் முத்திரை பெரும்பாலும் இருக்காது. தண்டிலோ ராணுவ அதிகாரிகளுக்குத் தேநீர்ச் செட்டுகளும் பரிசுக் கோப்பைகளும் தேவைப்பட்டன. அவற்றின் அடியில் கடைப்பெயர் ஆங்கிலத்தில் குத்தப்பட்டது.

அத்தகைய பெயர்களில் முக்கியமானது பார்ட்டன். முன்பு சவுத் பரேடு எனப்பட்ட இன்றைய எம்.ஜி. சாலையில் பார்ட்டன் சென்டர் அந்தப் பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது. பார்ட்டன் முத்திரையோடு கிடைப்பவற்றில் தெய்வ உருவங்களைப் புடைப்பாகக் கொண்ட சுவாமி வேலைப்பாடு குறிப்பிடத்தக்கது. இந்தப் பாணியில் பெரும்பெயர் பெற்றது சென்னையின் பி. ஓர் அண்டு சன்ஸ். 1875–76-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகள் 1878 பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, இந்திய வெள்ளி வேலை ஐரோப்பாவில் பரவலாக அறியப்பட்டது. பெங்களூரில் 1869-இல் தொடங்கிய சி. கிருஷ்ணய்யா செட்டி நிறுவனமும் பழைய நகைக்கடைப் பெயர்களில் ஒன்று. கடைப்பெயர் விற்றவரைத்தான் காட்டும். உளி பிடித்த ஆசாரியின் பெயர் அநேகமாக எங்கும் பதிவாகவில்லை.

சில கடைகள் ஆங்கில முத்திரையின் சாயலில் தாமாகவே குறிகளை வைத்துக்கொண்டன. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் யானை உருவைக் குத்தியது. இவை நிறுவனத்தின் அடையாளமே தவிர, சோதனைச் சாலையின் சான்று அல்ல.

முத்திரை இல்லாத பேட்டைப் பொருளில் எழுத்தே பேசும். கலத்தின் எடையைப் பதிவது இம்மண்ணின் பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் அளித்த பொன், வெள்ளிக் கலங்களை எடையோடு கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. பிற்காலத்தில் ரூபாய் நாணயமே எடைக்கல்லாயிற்று. 1835 முதல் அச்சான ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 12-க்கு 11 பங்கு வெள்ளி. ஒரு கூஜாவில் 45 ரூபாய் எடை என்று வெட்டியிருந்தால், இன்று அது சுமார் 525 கிராம் நிற்க வேண்டும். மிகவும் குறைந்தால் மூடியோ பிடியோ போயிருக்கலாம். கூடினால் பிற்காலத்தில் பற்றவைத்த பகுதியைத் தேட வேண்டும்.

ஆண்டுப் பெயரைப் படிப்பதில் கவனம் தேவை. விரோதி வருடம் என்ற எழுத்து 1889-ஐயும் குறிக்கலாம், 1949-ஐயும் குறிக்கலாம். 60 ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர் திரும்ப வரும். தமிழர் அதைச் சித்திரையிலும் கன்னடர் யுகாதியிலும் தொடங்குவதால், எழுத்து எந்த மொழியில் உள்ளது என்பதும் முக்கியம். ஊர்ப்பெயரும் காலம் காட்டும். மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகமானது. ஆங்கில எழுத்தில் பெங்களூரு என்ற வடிவம் 2014 நவம்பரில் அதிகாரபூர்வமானது. மைசூர் அரசின் கண்டபேருண்டப் பறவை அரண்மனைத் தொடர்பைச் சுட்டலாம். ஆனால் கர்நாடக அரசின் சின்னத்திலும் அது தொடர்வதால், அதுமட்டும் பழமைக்குச் சான்றாகாது.

பெயர் வெட்டிய முறையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். கையால் உளியைத் தட்டி வைத்த புள்ளிகள் ஆழத்திலும் இடைவெளியிலும் சற்றே மாறும். ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் உலோகம் மேடிட்டிருக்கும். பல ஆண்டுகள் தேய்த்துத் துலக்கியதில் அந்த மேடு மழுங்கும். மின்கருவியால் எழுதிய கோடு ஆழமின்றி, ஒரே சீராக ஓடும். கலம் பழையதாகவும் எழுத்து புதியதாகவும் இருப்பதுண்டு. பிரிவுபசாரப் பரிசில் உள்ள தேதி, கொடுத்த நாளையே சொல்லும்.

போலியும் உண்டு. அசலை அச்செடுத்து வார்த்த பொருளில் முத்திரையின் விளிம்பு கூர்மையின்றி இருக்கும். வேறு பாத்திரத்திலிருந்து வெட்டி ஒட்டிய முத்திரையைச் சுற்றி வாயால் ஊதினால், ஆவி படியும்போது பற்றவைத்த கோடு சில வேளை தெரியும். ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் நிக்கல் கலவையின் மேல் வெள்ளிப் பூச்சு என்றே பொருள்படும். பர்மிங்காமின் எல்கிங்டன் 1840-இல் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறை அதைப் பரப்பியது. ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது: செம்பு, துத்தநாகம், நிக்கல் மட்டுமே.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு முத்திரை தரத் தொடங்கியது 2005-இல்தான். 2025 செப்டம்பர் முதல் அம்முத்திரையோடு ஆறு இலக்க அடையாளக் குறியும் சேர்ந்தது. எனவே இந்த முத்திரை, ஒன்று பொருள் புதியது என்று காட்டும், அல்லது பழையது அண்மையில் சோதிக்கப்பட்டது என்று காட்டும். காலக்கணிப்புக்குச் சட்டப் பொருளும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முத்திரை, எழுத்து, எடை, வேலைப்பாடு ஆகியவை ஒரே காலத்தைச் சுட்டும்போதே பொருளின் வயது உறுதியாகிறது. ஒன்று முரண்பட்டாலும் அந்த முரணுக்கு விளக்கம் கிடைக்கும்வரை முடிவு சொல்லலாகாது.