கேமரன் மலைத் தேயிலை சொல்லும் இலக்குப் பாடம்

பொன்விழா காணும் ஒரு சங்கம், கடந்த 50 ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பதோடு, இனி எட்ட வேண்டியது என்ன என்றும் தீர்மானிக்க வேண்டும். தலைவர் முதல் சாதாரண உறுப்பினர் வரை அந்த இலக்கை எப்படிப் பகிர்ந்துகொள்வது? நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம் தருகிறது.

1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காகச் சென்ற மலைப்பகுதி இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவம் கொண்ட ஏ. பி. மில்னுடன் சேர்ந்து அங்கே 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் 'பாரத்' தோட்டம் வந்தது. சரிவுகளில் காடழித்துச் செடி நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்.

அக்கால மலாயாத் தோட்டங்களில் துரை, சின்னத்துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்று படிகள் இருந்தன. காலையில் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போகும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கங்காணிக்குத் தலைக்காசு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. நிர்வாகத்துக்கு வேண்டியது நல்ல விளைச்சல். கங்காணிக்கு வகுத்த கணக்கோ வெறும் தலை எண்ணிக்கை. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிக் கூட்டி வந்தால்தான் அவருக்கு லாபம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதித்தது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறையும் அத்துடன் முடிந்தது. ஆனால் இலக்கைப் பங்கிடும் சிக்கல் தீரவில்லை.

தேயிலையில் அச்சிக்கல் எளிதில் விளங்கும். நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். நிர்வாகம் ஆண்டுக்கு இத்தனை கிலோ தூள் என்று முடிவு செய்கிறது. மேலாளர் அதை மாதத்துக்கும் மலைக்கும் பிரிக்கிறார். எந்த மலையில் எந்த நாளில் பறிப்பது என்பது மண்டோரின் பொறுப்பு. கடைசியில் அது கூடை சுமப்பவரின் அன்றாட எடையாகிறது. அவருடைய சம்பளமும் அதில் அடங்கியிருக்கிறது.

எடையை மட்டும் கேட்டால் எடை மட்டுமே வரும். முற்றிய இலையும் தண்டும் கூடையை நிரப்பும். தொழிற்சாலையில் தூளின் தரம் கெடும். எனவே கூடையில் எடையோடு இளங்கொழுந்தையும் பார்க்க வேண்டும். மண்டோரிடம் பறிப்புச் சுற்று தவறாமல் முடிந்ததா என்றும், தொழிற்சாலையில் கொழுந்து சரியாக வாடியதா என்றும் கேட்க வேண்டும். அவரவர் கைக்கு எட்டுவதையே அவரவர் இலக்காக வைப்பது முறை.

இன்னொன்றும் உண்டு. கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து குறைவு. செங்குத்தான சரிவில், மழை நாளில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதை அறிந்தவர் அலுவலகத்தில் இருப்பவர் அல்லர், மண்டோரும் தொழிலாளியுமே. அவர்கள் சொல்வது மேலே போய்ச் சேராவிட்டால், எட்ட முடியாத கிலோவுக்காக ஒரு குடும்பத்தின் கூலி குறையும். அக்குறை தோட்டத்தோடு நிற்பதில்லை. மலாயாவெங்கும் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்திய நம் முன்னோரின் பற்று வரவு ஏட்டிலும் அது தெரிந்திருக்கும்.

நம் சங்கமும் இவ்வாறே திட்டமிடலாம். 'கல்வியில் முன்னேற்றம்' என்பது நிர்வாகக் குழுவின் நோக்கமாக இருக்கட்டும். கல்விக் குழுவுக்கு அது இத்தனை மாணவர், இத்தனை வகுப்பு என்றாக வேண்டும். ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ, பிள்ளையை வாரந்தோறும் அவ்வகுப்புக்கு அனுப்புவது என்றாக வேண்டும். அனுப்ப முடியாத வீட்டின் காரணத்தையும் நிர்வாகக் குழு கேட்டறிந்து, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.