பொப்பி மலரும் பூவரசம்பூவும்

நமது ஊர் வேலிகளிலே பூவரசு நிற்பதை அறியாதார் யார்? அதன் இலையைச் சுருட்டிக் குழல் ஊதாத பிள்ளை இல்லை. அதன் குழையை ஒடித்து ஆட்டுக்குப் போடாத வீடும் அருமை. காலையில் மஞ்சளாய் விரிந்து, வாடும்போது சிவந்து விழும் அதன் பூவை மாத்திரம் நாம் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பூவை முன்னொரு காலத்தில் வாலிபரும் மங்கையரும் கொழும்பு வீதிகளில் நின்று விற்றனர் என்றால் இன்று பலர் நம்பமாட்டார். சிங்களத்தில் அம்மரத்துக்குச் ‘சூரிய’ என்று பெயர். பூ ‘சூரிய மல்’. அதன் பெயராலேயே ஓர் இயக்கம் நடந்தது.

முதலாம் உலக மகாயுத்தம் 1918 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி ஓய்ந்தது. போர் நடந்த நிலங்களிலே காடாய்ப் பூத்த செந்நிறப் பொப்பி மலர், மாண்டோரின் நினைவுச் சின்னமாயிற்று. அம்மலரைப் போலச் செய்து விற்று, யுத்தத்திலிருந்து மீண்ட படைவீரருக்கு உதவும் வழக்கம் 1921 இல் பிரித்தானியாவில் ஆரம்பித்து, அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் பரவியது. இலங்கையிலும் ஆண்டுதோறும் நவம்பர் 11 இல் பொப்பி விற்பனை நடந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் அதனை வாங்க நேர்ந்தது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதியோ கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது.

கையிழந்தும் காலிழந்தும் திரும்பிய ஆங்கிலப் போர்வீரனுக்கு உதவி செய்வது குற்றமா? ஒருபோதும் அன்று. ஆனால் அதே யுத்தத்துக்கு இந்நாட்டிலிருந்தும் ஆட்கள் சென்றிருந்தனர். திரும்பி வந்து வேலையின்றி வறுமையில் வாடிய அவர்களைக் கவனிப்பார் இல்லை. இலங்கைப் பிள்ளையின் சதம் இலங்கை வீரனைத் தாண்டிப் போயிற்று என்பதே வழக்கு.

இவ்வநியாயத்தைக் கண்டு முதலில் எழுந்தவர் அரசியல்வாதி அல்லர். தாமும் படையிற் சேவித்து மீண்ட ஏலியன் பெரேரா என்பவர். 1931 இல் அவர் பொப்பி விற்கும் அதே தினத்திற் பூவரசம்பூவை விற்பிக்கத் தொடங்கி, அப்பணம் வறிய இலங்கைப் படைவீரருக்கே உரியதென்றார். (யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்ததும் அதே ஆண்டில்தான். காலத்தின் காற்று அப்படி வீசியது.)

1933 இல் டொறீன் யங் என்னும் ஆங்கில மாது, ‘மலர்களின் போர்’ என்ற பொருள்படும் தலைப்பில் ‘சிலோன் டெயிலி நியூஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியையாக இங்கு வந்து, பின்னர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்தவர் இவர். தம் நாட்டு வீரரைப் பராமுகமாய் விட்டுப் பிறநாட்டு வீரருக்காகப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதன் பொருத்தமின்மையை அவர் எடுத்துக்காட்டினார். அவர்தம் இனத்தவரே அவரைத் தூற்றினர். ஆயினும் தென் கொழும்பு வாலிபர் கழகம் சூரிய மல் முயற்சிக்குப் புத்துயிர் அளித்தது. டொறீன் தலைவரானார், ரெறன்ஸ் டி சில்வாவும் றொபின் இரத்தினமும் இணைச் செயலாளராயினர். இம்முறை நோக்கம் விரிந்தது. ஏகாதிபத்தியம் வேண்டாம், அது மூட்டும் யுத்தமும் வேண்டாம் என்பதே புதிய குரல்.

அதே 1933 இல் இங்கிலாந்திலே கூட்டுறவு மாதர் சங்கத்தினர் வெள்ளைப் பொப்பியை வெளியிட்டனர். அவர்களுட் பலர் யுத்தத்திற் கணவனையும் மைந்தனையும் இழந்தோர். இனி யுத்தமே வேண்டாம் என்றதற்கு, இறந்த வீரரை அவமதிக்கிறீர்கள் என்ற பழி அவர்களுக்குக் கிடைத்தது. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அவனை மதிக்கும் விதத்தை வேறொருவர் கற்பிக்க வேண்டுமோ!

யுத்தத்தை வெறுப்பவர் படைவீரனையும் வெறுப்பவர் என்னும் இப்பழிக்கு, ஏலியன் பெரேராவின் பூ ஏற்ற மறுமொழி என்பது எமது எண்ணம். அது படையிலிருந்து வந்த கை நீட்டிய பூ. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1933 இன் பின்னர் இயக்கத்தின் பேச்சு அரசியற் பேச்சாயிற்று. வறிய படைவீரனின் துயர் பின்னே ஒதுங்கிற்று. சூரிய மல்லைப் பற்றி எழுதியோரும் அதைப் பிற்கால இடதுசாரிக் கட்சியின் தொட்டிலாகவே காண்கின்றனர். யாருக்காக முதற் பூ விற்கப்பட்டதோ, அவனை நினைப்போர் சிலரே. இதனைக் குறையென்றே கொள்ளல் வேண்டும்.

பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். ஆகவே சேர்ந்த தொகை பெரிதன்று. அதற்கே அரசு அஞ்சி, வீதியிற் பணம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொணர்ந்தது. 1934–35 இல் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியபோது இவ்வியக்கத்து வாலிபர் கிராமங்களுக்குச் சென்று நோயாளருக்குத் தொண்டு செய்தனர். அவர்களிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர்.

இரண்டாம் உலக மகாயுத்தம் வரை ஆண்டுதோறும் நவம்பரில் இரு மலர்களும் வீதியில் எதிரெதிர் நின்றன. யுத்தம் வந்ததும் அக்கட்சியின் தலைவர்கள் 1940 இற் சிறை புகுந்தனர். புதிய படைவீரர் கப்பலேறினர். நவம்பரிற் பொப்பி விற்கும் வழக்கம் இந்நாட்டில் இன்றும் உண்டு. அதை இப்போது நடத்துவது இலங்கையின் முன்னாட் படைவீரர் சங்கம். பூவரசம்பூவை மாத்திரம் எவரும் விற்பதில்லை.