பாம்பூஃப்ளாட் மலையும் கேமராவும்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் சாத்தம் துறையில் படகேறினால் சற்று நேரத்தில் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஹேரியட் மலை என்று பெயர். 2021 அக்டோபரில்தான் மத்திய அரசு அதை மணிப்பூர் மலை என்று மாற்றியது. ஹேரியட் டைட்லர், 1862 முதல் 1864 வரை இங்கிருந்த தண்டனைக் குடியேற்றத்தின் கண்காணிப்பாளர் ராபர்ட் டைட்லரின் மனைவி. பயணக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அறிமுகத்தோடு நின்றுவிடுகின்றன. அவர் புகைப்படக்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த மலைக்கு வேறொரு வரலாறு கிடைக்கிறது. இந்தக் கரையையும் மலையையும் 'காட்சி'யாகப் பார்க்கும் பழக்கம் ஆட்சியோடும் கேமராவோடும் சேர்ந்து வந்தது. அப்படி எடுத்த படங்களில் எதைத் திருத்தினார்கள் என்பதைவிட, எதை உள்ளே வராமல் விட்டார்கள் என்பதே பெரிய கேள்வி. டிஜிட்டல் கேமராவும் எடிட்டிங்கும் கற்க வருகிறவருக்கு முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

டைட்லர் தம்பதி கேமராவைக் கையில் எடுத்தது 1858இல். அதற்கு முந்தைய ஆண்டின் எழுச்சி ஒடுக்கப்பட்டு டெல்லியும் லக்னோவும் கான்பூரும் இடிபாடுகளாகக் கிடந்த நேரம். ஆக்ராவில் மருத்துவராக இருந்த ஜான் மரே, போர்க்களப் படங்களுக்குப் பேர்போன பெலிஸ் பியாட்டோ ஆகிய இருவரிடமும் அவர்கள் இக்கலையைக் கற்றார்கள். ஏறத்தாழ ஆறு மாதத்தில் 300க்கும் மேற்பட்ட பெரிய காகித நெகட்டிவ்களை எடுத்தார்கள். புதிதாகக் கற்றவர்களின் கைக்கு இது அசாத்திய உழைப்பு. அவர்கள் படமெடுத்த இடங்களைப் பாருங்கள்: முற்றுகை நடந்த மதில், குண்டு துளைத்த மாளிகை, வென்றவர்கள் தங்கள் தியாகத்தின் சின்னங்களாகக் கருதிய கட்டடங்கள். தோற்றவர்களில் பலர் அதே 1858இல்தான் கைதிகளாக அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து டைட்லர் தம்பதியும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள், ஆட்சி செய்ய.

கேமரா அவர்களுக்கும் முன்னரே தீவுக்கு வந்திருந்தது. சிறைக்குடியேற்றத்துக்கு இடம் தேடி 1857 நவம்பரில் டாக்டர் மௌவட் தலைமையில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட குழுவில் ஆஸ்கர் மல்லிட் என்ற புகைப்படக்காரரும் இருந்தார். ஆக, அந்தமானில் கேமரா திறந்த முதல் நாட்களே ஒரு சிறைக்கான நில ஆய்வின் பகுதி. பின்னாளில் மாரிஸ் விடால் போர்ட்மன் 1890களில் அந்தமானியரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அங்க அளவுக்காகப் படமெடுத்ததும் இதே வழியின் தொடர்ச்சி. நிலத்தை அளந்த கேமரா, அடுத்து மனிதரை அளந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஹேரியட் இந்த மலையில் நின்று எடுத்த படம் ஒன்றையும் காட்டாமல், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடலாமா? நியாயமான கேள்விதான். என் வாதம் அப்படிப்பட்ட ஒரு படத்தை நம்பி நிற்கவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் பொதுவாக எப்படி உருவாயின என்பதே எனக்குப் போதுமான சாட்சி. அன்றைய ரசாயனப் பூச்சுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் தெரியாது. விளைவு, வானம் வெளுத்த காகிதமாகிவிடும், காடு ஒரே கரிய மொத்தையாகிவிடும். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட ஆகும் என்பதால், அசையாமல் நிற்கச் சொன்னவர் பதிவாவார். வேலை செய்துகொண்டே இருந்தவர் கரைந்துபோவார். கைதிகள் காடு வெட்டி உருவாக்கிய ஒரு கரைக்கு இதை வைத்து யோசித்தால், வெட்டிய இடம் படத்தில் நிற்கும், வெட்டியவர் நிற்கமாட்டார். இதில் யாரும் திட்டமிட்டு எதையும் மறைக்கவில்லை. கருவியின் இயல்பே அந்த வேலையைச் செய்துவிட்டது.

கருவியின் குறையைக் கையால் சரிசெய்வதும் அன்றே தொடங்கிவிட்டது. நம் மண்ணிலேயே சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது, வெளுத்துப்போன வானத்தில் மேகங்கள் தெரிய வேண்டுமென்று நெகட்டிவின் மேலேயே சாயம் தீட்டினார். மரங்களின் இலைச்செறிவையும் அப்படியே கூட்டினார். இன்று ஒரு மென்பொருளில் வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுவதும் அவர் தூரிகையால் செய்ததும் ஒரே வேலைதான். அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் எழுத்தை அவர் மாற்றியிருந்தால் அது குற்றம். மதுரை வானத்தில் மேகம் தீட்டியதால் யாருடைய வரலாறும் கெடவில்லை. திருத்தத்தை எடைபோட வேண்டிய தராசு இதுதான்: படம் எதற்குச் சாட்சி சொல்ல வருகிறதோ அதைத் தொட்டதா, இல்லையா.

மலைக்கே திரும்புவோம். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு மலையேறி, உச்சியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கினார். மலையடியில் ஹோப்டவுன் துறையில் இருட்டும் நேரத்தில் ஷேர் அலி அப்ரிடி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். இந்த நிகழ்ச்சியைச் சதியாகவும் வீரமாகவும் பலர் எழுதிவிட்டார்கள். காட்சியின் வரலாற்றில் இதற்குள்ள இடம் வேறு. மேலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது கடலும் தீவுகளும் அந்தி வெளிச்சமும். அந்தக் காட்சிக்குள் இருந்த மனிதர் அவர் கண்ணில் படவில்லை. மலையின் புதிய பெயருக்குப் பின்னாலும் அப்படிக் கண்ணில் படாதவர்கள் உண்டு. 1891 ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பின் மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் இங்கே நாடுகடத்தி வைக்கப்பட்டார்கள். எழில்மலை என்று புகழப்பட்ட இடம் அவர்களுக்குக் காவல்மலை. பெயரை மாற்றியதால் புகைப்படக்காரரின் நினைவு அழிகிறதே என்று வருந்துவோர் இதையும் யோசிக்க வேண்டும். இரண்டு பெயரும் தெரிந்தவருக்கே மலை முழுதாகத் தெரியும்.

இந்தக் காட்சி நாட்டின் கைகளில் எல்லாம் புழங்கியதும் உண்டு. 2001இல் வந்த சிவந்த 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகள், கடல், குன்று, அதன்மேல் கலங்கரை விளக்கம். மலைச்சாலையில் ஓரிடத்தைக் காட்டி, படம் இங்கிருந்துதான் என்பார்கள். போர்ட் பிளேர் கரை விடுதி ஒன்றிலிருந்து பார்த்த காட்சி என்றும் சொல்வதுண்டு. கற்கிறவருக்கு இது நல்ல பயிற்சி. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் நின்று, கலங்கரை விளக்கம் குன்றின் எந்தப் பக்கம் விழுகிறது, கடல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்று ஒப்பிட்டால், நிற்கும் இடம் காட்சியை எப்படி ஆள்கிறது என்பது எந்த வகுப்பையும்விடத் தெளிவாக விளங்கும். நோட்டில் இருப்பது வெறும் அலங்காரம், அதில் போய் ஆள் இல்லை, ஊர் இல்லை என்று குறை சொல்வதா என்று கேட்கலாம். அலங்காரம்தான். ஆனால் கோடிக்கணக்கானோருக்கு அந்தமான் என்றால் ஆளற்ற பச்சைக்கரை என்று பதிந்ததில் இத்தகைய அலங்காரங்களுக்குப் பங்கு உண்டு. வாகனப் படகுக்குக் காத்து நிற்கும் கூட்டமும் டீசல் மின்நிலையமும் தமிழும் மலையாளமும் வங்காளமும் கலந்த கடைத்தெருவும் அந்தப் பதிவில் இல்லை.

இன்றைய கேமராவில் காடும் வானமும் ஒரே படத்தில் அடங்கிவிடும். கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்பில் நிழலைத் தூக்கிப் பச்சையின் அடுக்குகளைப் பிரிக்கலாம், அந்தியின் செம்மையைக் காப்பாற்றலாம். டைட்லர்களுக்கு இந்த வசதி கிடைத்ததில்லை. இவ்வளவு எளிதானதால் பொய்யும் எளிதாகிவிட்டது, ஆகவே திருத்தத்தையே தவிர்க்க வேண்டும் என்பது பலரின் கருத்து. அதை ஏற்க முடியாது. திருத்தாத படம் என்று ஒன்று கிடையாது. கேமராவே ஜேபெக் ஆக்கும்போது நிறத்தையும் கூர்மையையும் தீர்மானித்துவிடுகிறது. வெளிச்சத்தைச் சீராக்குவது கைத்திறன். கரையைத் தள்ளி வைப்பதும், நீர்மட்டத்தை மாற்றுவதும், கட்டடத்தை அழிப்பதும் வேறு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் வட்டாரம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. பாம்பூஃப்ளாட்டின் தாழ்ந்த கரையிலும் உப்புநீர் ஏறியது. எங்கே வயல் இருந்தது, முன்பெல்லாம் எந்தத் தென்னை வரை அலை வந்தது என்பதற்கு, நிலநடுக்கத்துக்கு முன் யாரோ சாதாரணமாக எடுத்த படங்களும் சாட்சி. அழகுக்காக யாராவது அந்த வயலைக் கத்தரித்திருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும்.

ஆகவே பாம்பூஃப்ளாட்டில் கேமரா பழகுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2004க்கு முந்தைய கரைப்படம் எந்த வீட்டு ஆல்பத்தில் இருந்தாலும் அனுமதி கேட்டு ஸ்கேன் செய்யுங்கள். எடுத்த ஆண்டையும் எடுத்தவர் நின்ற இடத்தையும் விசாரித்து எழுதுங்கள். அதே இடத்தில் நின்று இன்றைய கரையை, படகுத்துறையும் மனிதர்களும் உள்ளே இருக்க, மீண்டும் எடுங்கள். நிறத்தை உங்கள் விருப்பம்போல் திருத்துங்கள்; ரா கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.