அடுப்பின் சரித்திரம்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும்தான் என்று நினைப்பவர்கள் அநேகர். அடுப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்றால் அவர்கள் சிரிப்பார்கள். திருச்சிராப்பள்ளிவாசிகள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். அந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு செய்தே பிழைத்திருக்கின்றன.

மலைக்கோட்டை உச்சியில் நின்றால் வடக்கே காவேரியும், அதற்கு அப்பால் ஸ்ரீரங்கமும் தெரியும். காவேரி நெல்லை மட்டும் கொடுக்கவில்லை, வெளிச்சமும் கொடுத்தாள். 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937ல் அதன் அடிவாரத்து மின்சார நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் கம்பி வழியே சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களுக்கு வந்தது. புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. மாசில்லாத மின்சாரம் என்று இப்போது புதிதாகப் பேசுகிறோமே, அது நம் பாட்டிமார் காலத்திலேயே வந்துபோன விருந்தாளி!

பிறகு நிலக்கரி ஏன் வந்தது? காவேரி எல்லா வருஷமும் ஒரே மாதிரி வருவதில்லை. பம்புசெட்டுகளும் ஆலைகளும் பெருகின. மழையை மட்டும் நம்பி அவற்றை ஓட்ட முடியாது. 1962ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், மேட்டூரிலேயே, அணைக்குப் பக்கத்தில், 1987 முதல் நிலக்கரி நிலையம் எழுந்தது.

இந்த நிலையங்களுக்கெல்லாம் உயிர்நாடி பாய்லர். கரியைப் பொடியாக்கி எரித்து, குழாய்களில் ஓடும் தண்ணீரை நீராவியாக்கும் ராட்சத அடுப்பு அது. அதைச் செய்ய 1965ல் திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு, ‘பெல்’ தொழிற்சாலை தொடங்கியது. துவாக்குடியைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. குழாய் வளைக்கவும் இரும்பைப் பற்றவைக்கவும் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

அடுப்புக்கும் வயசாகும் அல்லவா? 600 மெகாவாட் கொடுத்துவந்த நெய்வேலியின் முதல் நிலையம் 2020ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப வந்தது 1,000 மெகாவாட் புது நிலையம். அதிலும் எரிவது பழுப்பு நிலக்கரிதான். பழைய அடுப்பை இடித்துவிட்டுப் புது அடுப்பு போட்ட கதை!

உலகத்தில் நெருப்பையே அணைத்தவர்களும் உண்டு. 1882ல் லண்டனில் நிலக்கரி மின் நிலையம் கண்ட இங்கிலாந்து, 2024 செப்டம்பர் 30ஆம் தேதி தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டது. நம்மிடமும் முப்பந்தலில் காற்றாலைகள் உண்டு; கமுதியில் 2016ல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் உண்டு. ஆனால் நாம் விளக்கேற்றும் வேளைக்குச் சூரியன் வீட்டுக்குப் போய்விடுகிறான். அதற்கும் தண்ணீரே துணை. கோயம்புத்தூர் ஜில்லா காடம்பாறையில், மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். இப்படி இன்னும் பல வேண்டும்.

இதையெல்லாம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். பாய்லர் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புகை ஒழியட்டும் சார், நல்லதுதான். பேரனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா என் பையன் பட்டறை வச்சிருக்கானே, அவன் என்ன பண்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. புகையும் சாம்பலும் ஒழியத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. காற்றாலைக் கோபுரமும் இரும்புதான். காடம்பாறை போன்ற இடங்களில் ஓடும் குழாயும் இரும்புதான். அவற்றையும் பற்றவைக்கத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கை திருச்சியில் இருக்கிறது. ஆகவே, ஒரு நிலையத்தை மூடும் தேதியை எந்தக் காகிதத்தில் எழுதுகிறார்களோ, அதே காகிதத்தில் அந்தக் கைகளுக்கு வரப்போகும் வேலையையும் எழுதிவிட வேண்டும். முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், பெரியவரின் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.